ஊரடங்கில் ஒரு கொழும்புத் தமிழ்ச் சபையின் பாடகர் குழு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பின் தென்பகுதியில் உள்ள ஒரு தமிழ்த் திருச்சபை. ஏறத்தாழ 110 குடும்பங்கள். ஞாயிறு காலை 9 மணிக்கு ஆராதனை. சனி பின்னேரம் பாட்டுப் பயிற்சி. பாடகர் குழுவில் 26 பேர். பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாமாலைப் பாட்டுகளை ஓர்கனோடு நாலு குரலில் பாடுவார்கள். கீர்த்தனைகளுக்குச் சுருதிப்பெட்டியும் தபேலாவும். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓர்கன் வாசிப்பவர் வங்கி ஊழியர். ஒலிப்பதிவில் யாருக்கும் பயிற்சி இருக்கவில்லை. கணக்கியல் படிக்கும் ஓர் இளைஞருக்கு மட்டும் கணினியில் ஒலிக்கோப்பு வெட்டி ஒட்டத் தெரியும்.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. அப்போது தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, பெரிய வெள்ளி 10, உயிர்த்தெழுந்த ஞாயிறு 12. பாடகர் குழுவுக்கு ஆண்டிலேயே அதிக வேலை உள்ள மூன்று கிழமைகள். மற்ற மாவட்டங்களில் இடையிடையே தளர்த்தினாலும், கொழும்பில் மே 26 வரை ஊரடங்கு நீண்டது.

முதல் இரண்டு ஞாயிறு

மார்ச் 22 அன்று ஆராதனை சூம் வழியாக நடந்தது. போதகர், ‘எல்லோரும் மைக்கைத் திறந்து பாடுங்கள்’ என்றார். முதல் சரணம் முடியுமுன் பாட்டு நின்றுவிட்டது. ஓர்கன் ஒரு வரியில், பெண்கள் அடுத்த வரியில், யாரோ ஒருவர் இன்னும் பல்லவியில்.

பலர் ‘இணையம் மெதுவு’ என்றார்கள். வேகமான இணைப்பு இருந்தாலும் இது சரிவராது. சேர்ந்து பாடுவோருக்கு இடையிலான தாமதம் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிசெக்கனைத் தாண்டினால் தாளம் இழுபடும். ஒலி காற்றில் 10 மீட்டர் செல்ல எடுக்கும் நேரமும் அவ்வளவுதான். பெரிய கோவிலில் பின்வரிசை பிந்திப் பாடுவதற்கும் இதுவே காரணம். காணொளிக் கூட்டங்களில் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு மேல் போவது சாதாரணம். போதாததற்கு, ஒரே நேரத்தில் பலர் குரல் கொடுத்தால் மென்பொருள் பலத்த குரலை வைத்துக்கொண்டு மற்றதை அமுக்கும். பேச்சுக்கு நல்லது, பாட்டுக்கு ஆகாது.

அடுத்த ஞாயிறு நடத்துநரின் மைக் மட்டும் திறந்திருந்தது. மற்றவர்கள் வீட்டில் மைக்கை மூடிவிட்டுப் பாடினார்கள். இது பரவாயில்லை. ஆனால் கீர்த்தனை தொடங்கி சில வினாடிகளில் சுருதிப்பெட்டி காணாமல் போனது. நடத்துநரின் வீட்டில் அது நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தது. மாறாமல் ஒலிக்கும் எந்தச் சத்தத்தையும் மின்விசிறிச் சத்தம் போல எண்ணி மென்பொருள் நீக்கிவிடுகிறது. சுருதி என்பதே மாறாமல் ஒலிப்பதுதானே. ஒலி அமைப்பில் ‘மூல ஒலி’யைத் திறந்து, இரைச்சல் நீக்கத்தை நிறுத்தியபின் சுருதி திரும்பியது. கைத்தொலைபேசியில் அந்தத் தெரிவு சரியாக வேலை செய்யாததால் மடிக்கணினிக்கு மாறினார்கள்.

தனித்தனிப் பதிவு

குருத்தோலை ஞாயிறுக்கு ஒவ்வொருவரும் வீட்டில் தனியே பாடி அனுப்ப, அவற்றை ஒன்றாக்குவது என்று முடிவாயிற்று. வெளிநாட்டுக் குழுக்களின், முகங்கள் கட்டங்கட்டமாகத் தெரியும் காணொளிகளைப் பார்த்த உற்சாகமும் அதில் இருந்தது. செய்த முறை இது:

ஓர்கன் வாசிப்பவர் முதலில் வழிகாட்டிப் பதிவு ஒன்று செய்தார். தொடக்கத்தில் ‘ஒன்று, இரண்டு, மூன்று, நாலு’ என்று எண்ணிக்கை, அடுத்த அடியில் ஒரு கைதட்டு, பிறகு முன்னிசை. பாடுபவர் ஒரு தொலைபேசியில் அதைக் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டு, அதே இடத்தில் தானும் ஒருமுறை கைதட்டி, இன்னொரு தொலைபேசியில் பாட்டைப் பதிய வேண்டும். எல்லாக் கோப்புகளிலும் கைதட்டின் கூர்முனையை ஒரே கோட்டில் வைத்தால் குரல்கள் சேரும். இரண்டாவது தொலைபேசி இல்லாத வீடுகளில் பக்கத்து அறைத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகிய பென்டிரைவ்கூட வழிகாட்டியாக இருந்தது.

19 பேர் கோப்பு அனுப்பினார்கள். வந்த பிழைகளில் சில:

ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிய ஒருவர் முழுப்பாட்டிலும் ஒரே அளவு பிந்தியிருந்தார். அவர் பாவித்தது புளூடூத் காதுக்கருவி. அதிலேயே 200 மில்லிசெக்கன் வரை தாமதம் வரும். அளவு மாறாததால் கோப்பை முன்னே தள்ளியதும் சரியாயிற்று. இன்னும் இருவரின் குரல் தொடக்கத்தில் பொருந்தி, மூன்றாவது சரணத்தில் விலகியது. இதைத் தள்ளிச் சரிசெய்ய முடியாது. தொலைபேசிக் கமரா வெளிச்சத்துக்கு ஏற்பப் படவேகத்தை மாற்றிக்கொள்வதால், தொகுக்கும்போது ஒலியும் படமும் பிரிகின்றன. படவேகத்தை நிலையாக மாற்றித் தரும் மென்பொருளில் கோப்பை முதலில் போட்டு எடுத்தபின்தான் தொகுப்பில் சேர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பியவை நொறுங்கி வந்தன. அதே கோப்பை ‘ஆவணம்’ என்று இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். டேட்டா போதாத சிக்கலுக்கு நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டா உதவியது. பல கோப்புகள் வந்து சேர்ந்த நேரம் பின்னிரவு ஒன்று, ஒன்றரை.

ஒரு டெனர் (ஆண்களின் மேல்குரல்) கோப்பில், இரண்டாம் சரணத்தின் நடுவே பாண் விற்கும் ‘சூன் பாண்’ முச்சக்கர வண்டி பீத்தோவனின் மெட்டோடு தெருவைக் கடந்தது. ஊரடங்கில் வீட்டு வாசலுக்கு வந்த சில வண்டிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பாடகர் நிறுத்தாமல் பாடி முடித்திருந்தார். சுருதி வேறு, தாளம் வேறு, வெட்டவும் முடியவில்லை. அந்தச் சரணத்தில் டெனர் ஒருவர் குறைவாகவே ஒலித்தார்.

மின்விசிறியை நிறுத்துவது, தொலைபேசியை ஒன்றரை அடி தூரத்தில் வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைப்பது, திறந்த உடுப்பு அலுமாரிக்கு முகம் கொடுத்துப் பாடுவது என்ற மூன்றும் எல்லாரிடமும் பலன் தந்தன. தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சும். குளியலறையில் பாடிய கோப்பு, பாடியவருக்கு இனிமையாகக் கேட்டாலும் தொகுப்பில் எங்குமே ஒட்டாது.

பெரிய வெள்ளியின் கணக்கு

நாலு நிமிடப் பாட்டு ஒன்றைத் தொகுக்க அந்த இளைஞருக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். வார்த்தைக்கு ஒரு பாட்டாவது வேண்டும். இருந்தது நாலு நாள்.

நடத்துநர் பாட்டுகளை மூன்றாகப் பிரித்தார். ஒரே ஒரு பாட்டு எல்லாக் குரல்களோடும். இரண்டு கீர்த்தனைகள், பாடகர் குழுவில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நாலு பேரும் இருந்த ஒரு வீட்டில் ஒரே மைக்கில் ஒரே எடுப்பில். மீதி நாலும் ஓர்கனும் ஒரு குரலும் மட்டும், திரையில் பாட்டுவரிகளோடு. இந்த நாலும் நேரமின்மையால் வந்தவை. குழுவில் சிலர் அவற்றை அரைகுறை வேலை என்றே நினைத்தார்கள்.

வீடுகள் சொன்னது

உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்த கிழமை, பாடகர் குழுவினர் குடும்பங்களைப் பங்கிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். நலம் விசாரிப்பதுதான் நோக்கம். கூடவே மூன்று கேள்விகள்: பாட்டு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா, சேர்ந்து பாடினீர்களா, பாட முடியாமல் போனது எங்கே.

நன்றி எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. ஆனால் எதற்கு நன்றி என்று கேட்டபோது விடை எதிர்பார்த்த பக்கம் இருக்கவில்லை. கட்டங்கட்டமான பெரிய பாட்டைப் பற்றி, ‘நல்லா இருந்தது, யார் யார் நிக்கினம் எண்டு பாத்தம்’ என்றார்கள். பாடினீர்களா என்றால், இல்லை. அந்த நாலு எளிய பாட்டுகளில்தான் வீடு வீடாகப் பாடியிருந்தார்கள். படுக்கையில் இருந்த ஒரு மூதாட்டி, பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் தானும் பாடியதாக மகள் சொன்னார். பல மாதங்களுக்குப் பின்.

காரணங்களை நடத்துநர் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். பாடகர் குழு பாடும் சுருதி வீட்டுக்கு எட்டாது: கோவிலில் நூறு குரல் கூடும்போது உச்சத்தில் ஒருவர் விட்டாலும் தெரியாது, வீட்டில் மூன்று பேர் காலையில் எழுந்த குரலோடு பாடும்போது மேல் வரி உடைந்துவிடும். நாலு குரல் நெருக்கமாகக் கலந்ததில் மெட்டு எது என்று பிடிபடவில்லை. முன்னிசை குறுகியதாக இருந்ததால் எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. முகங்கள் திரையை நிரப்பியதால் வரிகளுக்கு இடமில்லை. பாட்டுப்புத்தகங்களோ பல வீட்டாருக்கு கோவில் அலுமாரியில்.

இந்த நிகழ்வின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. அதுவரை ‘எப்படிப் பாடகர் குழுவைத் திரையில் காட்டுவது’ என்று உழைத்தவர்கள், அதன்பின் ‘எப்படி வீட்டைப் பாடவைப்பது’ என்று வேலை செய்தார்கள். சபையாரின் பாட்டைத் தாங்குவதுதான் எப்போதும் பாடகர் குழுவின் பணி. கோவிலில் அது தானாக நடந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கான பதிவு

ஏப்ரல் கடைசியில் தொடங்கிய புதிய முறை பெரும்பாலும் மாறாமல் நின்றது.

சுருதி ஒரு கட்டை இறங்கியது: இரண்டரைக் கட்டையில் பாடிய கீர்த்தனை ஒன்றரையில். வேகம் சற்றுக் குறைந்தது. முன்னிசையாக ஒரு முழு வரி. அதன் கடைசியில் சிறு இடைவெளி, வீட்டில் மூச்சு எடுக்க. சரணங்களுக்கு நடுவே எட்டு அடி வாசிப்பு, புத்தகத்தில் அடுத்த சரணத்தைத் தேட அவ்வளவு நேரம் வேண்டும். மெட்டை ஒரு பெண்குரல் தெளிவாக முன்னே; ஓர் ஆண்குரல் கீழே அதே மெட்டில். மற்றக் குரல்கள் கடைசிச் சரணத்தில் மட்டும், தாழ்வாக. திரையில் ஒரு நேரத்தில் இரண்டே வரி, கறுப்பில் வெள்ளையாக, அந்த வரி வருவதற்கு ஓர் அடி முன்னதாக.

கோப்பு அளவும் முக்கியமாயிற்று. நாலு நிமிடக் காணொளி நல்ல தெளிவில் 75 மெகாபைட் வரை போகும். அதே பாட்டை ஒற்றை ஒலித்தடத்தில், வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்.பி.3 ஆக்கினால் 2 மெகாபைட்டுக்குள் அடங்கும். பிள்ளைகளின் வகுப்புகளும் அதே டேட்டாவில் ஓடிய வீடுகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒவ்வொரு சனியும் மாலை மூன்று பாட்டுகளும் வரிகளின் படமும் வாட்ஸ்அப்பில் போயின; ஞாயிறு ஆராதனையில் போதகர் ‘இரண்டாம் பாட்டைப் போடுங்கள்’ என்பார், வீடுகள் தம் வேகத்தில் போட்டுப் பாடின. நேரலையில் பாட்டை ஓடவிடுவதை இது முற்றாக நீக்கியது. இணைப்பு இடையில் அறுந்தாலும் பாட்டு அறுவதில்லை.

இணையத்தில் கிடைத்த ஆயத்த இசைத்தடங்களை ஒருமுறை பாவித்தபோது, பதிவேற்றிய காணொளியில் அந்தப் பகுதி மட்டும் ஊமையாக்கப்பட்டது. பாட்டு பழையது, உரிமைக் காலம் முடிந்தது. ஆனால் அந்த ஒலிப்பதிவு இன்னொருவருடையது. பிறகு தாங்களே வாசித்ததைத் தவிர எதையும் பாவிக்கவில்லை.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள்

இப்படிப் பதினாலு வீடுகள். பெரும்பாலும் தனியே வாழும் முதியவர்கள். ஊரடங்கில் பென்டிரைவ் கொண்டுபோகவும் வழியில்லை. சாதாரணத் தொலைபேசியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை இணைத்துப் பேசலாம். சனிக்கிழமைகளில் மூன்று பாடகர்கள் ஆளுக்கு நாலைந்து பேரை இணைத்தார்கள். பாடகர் ஒரு வரி பாட, கேட்பவர் அதை மறுபடி பாடுவார். தாமதம் இங்கே தடையாகவில்லை, ஏனென்றால் இருவரும் ஒரே நேரத்தில் பாடுவதில்லை. வரிவரியாய்ச் சொல்லிக் கொடுத்துப் பாடும் பழைய முறைதான் இது.

ஊரடங்கு தளர்ந்தபின் பாட்டுகள் பென்டிரைவில் போயின. சிறு வானொலிப்பெட்டியில் செருகினால் கோப்புகள் பெயர் வரிசையில் ஓடும் என்பதால் 01, 02 என்று தொடங்கும் பெயர்கள் வைத்தார்கள். தமிழ் எழுத்துப் பெயர்கள் பல பெட்டிகளில் கட்டங்களாகத் தெரிந்தன.

நன்றி சொன்ன விதம்

இந்தப் பகுதியில் நேர்ந்தது மற்றச் சபைகளுக்கும் உதவும்.

முதல் காணொளிகளின் முடிவில், பாடியவர்களின் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டு நன்றி சொன்னார்கள். குருத்தோலை ஞாயிறில் 19 பெயர். மே மாதத்தில் ஏழு. குறைந்தது சோம்பலால் என்று சபைச் செயற்குழுவில் பேச்சு வந்தது. நடத்துநர் ஒவ்வொருவரோடும் பேசினார். ஒருவருக்குத் தொடர்மாடியில் ஒரே அறை, ஐந்து பேர். ஒருவரின் தொலைபேசி காலை முதல் மாலை வரை மகனின் வகுப்பில். இருவருக்கு வருமானம் நின்றிருந்தது, தொலைபேசிக்குப் பணம் (ரீலோட்) போடக் கணக்குப் பார்த்தார்கள். கூடுதலான பேர் சொன்னது வேறு: நாற்பது வருடமாகக் குழுவில் பாடியும் தம் குரலைத் தனியாக ஒருபோதும் கேட்டதில்லை, கேட்டதும் அனுப்பக் கூசியது. பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்தபோது, தாம் குழுவில் இல்லை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதன்பின் பெயர் ஓடவிடுவது நின்றது. பாட முடியாதவர்களுக்கு முதியவர்களை அழைப்பது, பாட்டுவரி தட்டச்சு செய்வது, வந்த கோப்புகளைக் கேட்டுப் பிழை குறிப்பது என வேலைகள் பிரிந்தன. பிழை குறித்தவர்களில் ஒருவர்தான் ‘ற்ற’, ‘ட்டு’ போன்ற வல்லின முடிவுகள் ஆளுக்கொரு நேரத்தில் விழுந்து சடசடப்பதைக் கண்டுபிடித்தார். தொகுப்பில் ஒருவரின் மெய்யெழுத்தை மட்டும் வைத்து மற்றவர்களின் முடிவை வெட்டியதும் பாட்டு சுத்தமாயிற்று. செயற்குழு, டேட்டாச் செலவை இசை ஊழியக் கணக்கில் சேர்த்து, கேட்காமலே எல்லோருக்கும் சம அளவில் ரீலோட் அனுப்பியது. கேட்டால் தருவோம் என்று வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆண்டிறுதி நன்றி ஆராதனைக்குக் கேடயம் வழங்கலாம் என்ற யோசனையை நடத்துநரே மறுத்தார். பதிலாகப் போதகர், அந்த ஆண்டில் வீட்டில் பாடிய ஒரு பாட்டை முப்பது வினாடி பதிந்து பாடகர் குழுவுக்கு அனுப்பும்படி குடும்பங்களைக் கேட்டார். அறுபதுக்கு மேற்பட்ட பதிவுகள் வந்தன. சுருதி விலகியவை, இடையில் குக்கர் விசில் அடித்தவை, பிள்ளை அழுதவை. அவற்றை யாரும் தொகுக்கவில்லை, வெளியிடவும் இல்லை. குழுவினர் 26 பேருக்கும் அப்படியே அனுப்பினார்கள். தொகுத்த இளைஞர் தம் பணி போதும் என்று விலகவிருந்தார். அதன்பின் இன்னும் ஓராண்டு செய்தார்.

கூடிப் பாடும் கேள்வி

ஜூனில் கோவில் ஆட்கட்டுப்பாட்டோடு திறந்தபோது, முழுக் குழுவும் பயிற்சிக்கு வரலாமா என்று பலர் கேட்டார்கள். போதகர் மறுத்தார். அவர் காட்டிய காரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று நடந்த ஒரு பாடகர் குழுப் பயிற்சி: வந்தவர் 61 பேர், நோயுற்றதாகக் கணக்கிட்டவர் 53, இறந்தவர் இருவர். குழுவில் பாதி ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதால் மறுபேச்சுக்கு இடமில்லை. நாலு பேர், கதவு யன்னல் திறந்து, இடைவெளி விட்டு, பதிவுக்கு மட்டும் வந்தார்கள்.

அக்டோபரில் இரண்டாம் அலையில் கொழும்பு மீண்டும் மூடியபோது கையில் முப்பதுக்கு மேல் பாட்டுகள் இருந்தன. ஒரு ஞாயிறும் தடைப்படவில்லை. 2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரையான முடக்கத்திலும் அப்படியே. தொற்றோடு சம்பந்தமில்லாமலும் இவை பயன்பட்டன: 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தபோது தெஹிவளைக்கு அப்பால் இருந்தவர்கள் கோவிலுக்கு வரமுடியவில்லை. மின்வெட்டில் சூம் ஓடாது; தொலைபேசியில் இருந்த 2 மெகாபைட் கோப்பு ஓடியது.

மாற்ற வேண்டியவை

தபேலா கடைசிவரை சரிவரவில்லை. வழிகாட்டிப் பதிவின் அடி எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டு வாசித்தால் கீர்த்தனை இயந்திரம் போல் நடந்தது. கட்டுப்படாமல் வாசித்தால் குரல்கள் சேரவில்லை. முதலில் பாடகரும் தபேலாக்காரரும் ஒரே அறையில் பதிந்து, அதையே வழிகாட்டியாகக் கொடுப்பதுதான் வழி. ஊரடங்கில் அது முடியவில்லை. முடிந்த காலத்தில் செய்து வைத்திருக்க வேண்டும்.

தொகுப்பு வேலை ஒருவரிடமே இருந்தது. அவர் பரீட்சைக்குப் படித்த இரண்டு கிழமை புதிய பாட்டு வரவில்லை. மூலக் கோப்புகளும் அவருடைய மடிக்கணினியிலேயே கிடந்தன. இப்போது கோவில் அலுவலகத்தில் ஒரு பிரதி உண்டு, சுருதி, வேகம், பாடியவர் விபரத்தோடு.

தெரிவு வரிசையும் பிழை. விழாப் பாட்டுகளில் தொடங்கினார்கள். ஆனால் அவசரமாக முதலில் கேட்டு வந்தது அடக்க ஆராதனைப் பாட்டுகளை. ஆட்கள் கூடமுடியாத நாட்களில், பொரளைக் கனத்தை மயானத்தில் நாலைந்து பேர் நிற்க, போதகர் தொலைபேசியில் பாட்டைப் போட்டார். திறந்த வெளியில் தொலைபேசி ஒலி இரண்டு மீட்டருக்கு அப்பால் கேட்காது. ஓர்கன் முன்னிசையும் மிக நீளம். நின்றவர்களுக்கு எப்போது எடுப்பது என்று தெரியவில்லை. இப்போது மூன்று பாட்டுகள் தாழ்ந்த சுருதியில், ஒரே வரி முன்னிசையோடு, மின்கலத்தில் ஓடும் சிறு ஒலிபெருக்கியோடு போதகரின் பையில் இருக்கின்றன. ஒலிபெருக்கியை மாதம் ஒருமுறை மின்னேற்றும் பொறுப்பு ஆல்ட்டோ வரிசையில் ஒருவருக்கு.